கிராணி பின்னால் வந்து நின்றால்

போன சனிக்கிழமை மாவட்டப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் 4×100 அஞ்சல் ஓட்டத்தில் கை மாற்றும் கோலை, பேட்டனை, கீழே போட்டுவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை நீட்டுவதற்குள் கடைசிப் பிள்ளை விரலை மூடிவிட்டது. பயிற்சியில் ஒரு நாளும் தவறாத கை. அழுதுகொண்டே கூடாரத்துக்கு வந்தவளிடம் பெரியவர்கள் கேட்டது: "பயப்படாதேன்னு சொன்னோம்ல, ஏன்மா பயந்தே?"

பயப்படாதே என்று சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இத்தனை வருடமாகப் பிள்ளைகளை ஓடவைக்கிறேன், ஒருவருக்கும் போனதில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கத்தி தானாகப் பட்டையில் ஓடும். வேலையை மேற்பார்க்கும் கிராணி பின்னால் வந்து நின்றால் போதும். "கை எப்படிப் போகுதுன்னு நானே பார்க்க ஆரம்பிச்சிடுவேன், மரத்துல காயம் பட்டுடும்" என்பார். விளையாட்டு உளவியலில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். நன்றாகப் பழகிய அசைவு யோசிக்காமல் நடக்கிறது. பதற்றத்தில் அதை நாமே கண்காணிக்கப் போனால் குலைகிறது. நெஞ்சு படபடப்பது கோளாறு இல்லை. அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடத் தயாராகிறது, அவ்வளவுதான். இழுத்ததைவிட நீளமாக மூச்சை விட்டால் துடிப்பு கொஞ்சம் இறங்கும்.

2012 லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தில் நம் மலேசிய வீரர் லீ சோங் வெய் சீனாவின் லின் டானிடம் மூன்றாவது செட்டை 19-21 என்று விட்டார். "மனசுல பலம் இல்ல" என்று இங்கே காப்பிக்கடையில் தீர்ப்பே எழுதினார்கள். 2016 ரியோ அரையிறுதியில் அதே லின் டானை மூன்றாவது செட்டில் 22-20 என்று வென்றார். இரண்டு தடவையும் வித்தியாசம் இரண்டே புள்ளி! அதை வைத்தா ஒருவர் மனசை எடை போடுவது? சரி, அந்த ரியோவிலும் இறுதியில் சென் லோங்கிடம் தோற்று, தன் மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளியோடுதான் திரும்பினார். மனப்பயிற்சி செய்தால் தங்கம் நிச்சயம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

என் கோபமெல்லாம் வேறு. காலுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்கிறோம், மனசுக்குப் போட்டியன்று காலையில் மைலோவோடு சேர்த்து ஒரு புத்திமதி. கூட்டத்தையும் சத்தத்தையும் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

இந்த வாரத்திலிருந்து மாற்றிவிட்டேன். பயிற்சி முடிவில் ஒரே ஒரு ஓட்டம், தவறினால் மறு வாய்ப்பு கிடையாது, வீட்டுக்குப் போகலாம். கொடுப்பவள் "கை!" என்று கத்த வேண்டும், வாங்குபவள் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்க வேண்டும். திடல் ஓரத்தில் பெற்றோர் நின்று சத்தம் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்தது நான்கு பேர், அதில் ஒருவர் கைப்பேசியில் இருந்தார்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். கத்துவதற்கு ஆள் போதவில்லை.