எழுதச் சொல்லாதீர்கள், பேசவிடுங்கள்

ஆன்லைன் நர்சிங் முதுகலைப் படிப்பில் வாராவாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் போட்டு, அப்புறம் இரண்டு பேர் பதிலுக்குக் கீழே "அருமை, நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதுகிற முறை போதும். அதற்குப் பதில் நாலு பேர் வீடியோ காலில் கூடி ஒரு கேஸைப் பேசி, ரெக்கார்டிங்கை ஆசிரியருக்கு அனுப்பட்டும் என்பது என் கட்சி.

கூடலூர் மலைப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறேன். இங்கே எம்.எஸ்சி. நர்சிங் என்றால் 2 வருட முழுநேரப் படிப்பு, வேலையை விட முடியாது. நேரலை வகுப்போ, அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் மாலை 6 மணி என்றால் நமக்கு விடியற்காலை மூன்றரை. ஆடிக் காற்றில் கரண்ட் போனால் டவரும் போய்விடும். குழுவாகப் பேசுவதென்றால் நைட் டியூட்டி முடித்தவர் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சமீபத்தில் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோயின் வலியோடு வந்த ஒரு பிள்ளையைப் பற்றி, விவரங்களை மாற்றித்தான், பேசினோம். எழுதியிருந்தால் வலி மருந்து, திரவம், இந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து என்று எல்லோரும் புத்தக வரிசையில் எழுதியிருப்போம். பேச்சில் ஒரு அக்கா, "பிள்ளை அழவே இல்லையே சிஸ்டர், வலி ஸ்கோர் எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான், புது ஆள் முன்னால் வாயே திறக்காத பிள்ளையிடம் வலியின் அளவைக் காட்டும் முகப்படங்களைக் காட்டிக் கேட்டால் என்ன வரும், காலை மடக்கியே வைத்திருந்ததை யாராவது பார்த்தோமா, அம்மாவிடம் எப்படிக் கேட்டிருக்கலாம் என்று பேச்சு உருப்படியாகப் போனது. யார் யோசிக்கிறார், யார் ஒப்பிக்கிறார் என்பது ரெக்கார்டிங்கில் ஆசிரியருக்கு அப்படியே தெரியும். வார்டிலும் நம் வேலை பாதி வாயால்தானே நடக்கிறது? நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்று டாக்டருக்குப் போனில் சொல்கிற எஸ்பிஏஆர் முறையே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததுதான்.

ஆனால் நோயாளியின் ரகசியம் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் அது போதாது. எந்த எஸ்டேட் லைன், எத்தனை வயது, என்ன நோய் என்று சொன்னாலே பாதி ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ஹெட்போன் போட்டுத் தனி அறையில் பேச வேண்டும், மார்க் போட்டதும் ரெக்கார்டிங்கை அழிக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

இன்னொன்று, இங்கிலீஷ் தடுமாறுகிறது என்று மார்க்கைக் குறைக்காதீர்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எத்தனையோ சிஸ்டர்கள் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமையைச் சொல்லிவிடுவார்கள், கேமரா முன்னால் இலக்கணத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசட்டும், தமிழ் தெரிந்த ஒரு ஆசிரியரைத் திருத்தப் போடுங்கள்.