மிஸ் கேரளா மீன் பத்தி ஒரு சின்ன திருத்தம்

மேல ஒருத்தர் "மிஸ் கேரளா எல்லா அக்வேரியம் கடைலயும் கிடைக்குது, அப்புறம் என்ன அழிவு, சும்மா பயமுறுத்துறாங்க"ன்னு போட்டிருந்தார், அதை நிறைய பேர் ஷேரும் பண்ணிருக்கீங்க. கடைல கிடைக்குதுங்கறது உண்மைதாங்க, நானே பாத்திருக்கேன், அந்த செவப்புக் கோடும் கறுப்புக் கோடும் பாத்தா யாருக்குமே வாங்கத் தோணும். ஆனா தொட்டில இருக்கறது வேற கணக்கு, ஆத்துல இருக்கறது வேற கணக்கு. இது உலகத்துலயே கேரளா, கர்நாடகா பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைல இருந்து இறங்குற சில ஆறுகள்லதான் இயற்கையா இருக்கு, சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி மாதிரி. கடைக்கு வர்றதுல பண்ணைல வளத்ததும் உண்டு, ஆத்துல பிடிச்சதும் உண்டு, அதனால கடைய வச்சு ஆத்துல எவ்ளோ மிச்சம்னு சொல்லவே முடியாது.

நீங்களே செக் பண்ணலாம். ஐயூசிஎன் ரெட் லிஸ்ட் (எந்த உயிரினம் எவ்ளோ ஆபத்துல இருக்குன்னு சொல்ற உலகப் பட்டியல்) சைட்ல போய் இந்த மீனோட அறிவியல் பேரான சஹ்யாத்ரியா டெனிசோனின்னு தேடுங்க (பழைய பதிவுகள்ல புன்டியஸ் டெனிசோனின்னு இருக்கும், 2013லதான் பேர் மாத்துனாங்க, ரெண்டும் ஒரே மீன்தான்), எண்டேஞ்சர்டு, அதாவது அழியற ஆபத்துல இருக்குன்னு தெளிவா போட்டிருக்கும், கீழயே காரணமும் மேப்பும் இருக்கும். அந்தப் பேர்ல வர்ற டெனிசன் யாருன்னா 1860கள்ல மெட்ராஸ் கவர்னரா இருந்தவர், 1865ல மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே வச்ச பேரு.