ஈயப் பொம்மையை அடுப்பில் காட்டாதீர்கள்

"காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய சிப்பாய் பொம்மைகளை காஸ் அடுப்பில் காட்டினால் பெயிண்ட் தானாக உரிந்துவிடும், உலோகம்தானே" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பித்தளை என்றால் உருகாது, 900 டிகிரி வரை தாங்கும். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தவை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், இரண்டும் கலந்தால் இன்னும் சீக்கிரம். பெயிண்ட் கருகுவதற்குள் சிப்பாயின் துப்பாக்கி வளைந்து தொங்கிவிடும். பழைய பெயிண்டிலும் காரீயம் இருக்கலாம். சமையலறையில் அந்த நச்சுப் புகை எதற்கு?

ஹார்டுவேர் கடையில் பெயிண்டைக் கரைக்கும் அசிட்டோன் கேளுங்கள். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஒரு இரவு ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்புகளில் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் டிஸ்போசபிள் கப் வேண்டாம், கரைந்து மேஜையெல்லாம் ஓடும். பிளாஸ்டிக் பீடம் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய கை, வாள் தனியாக வந்தால் பதற வேண்டாம், பசைதான் இளகியிருக்கும், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. வினிகரில் ஊறவைக்கச் சொன்னவருக்கும் வேண்டாம் என்பதுதான் பதில்: அது பெயிண்டை விட்டுவிட்டு காரீயத்தைத்தான் அரிக்கும்.