நிறத்தைவிட வெளிச்சத்தை முதலில் பாருங்கள்
புகைப்படம் திருத்த எந்தக் கணினித் திரை வாங்கலாம் என்று சொல்லும் இந்தக் கட்டுரை, அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறப்பரப்பு முழுசாக இல்லாத திரையில் படம் எடிட் செய்வதே வீண் என்கிறது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டகிராமிலும் முடியும் படங்களுக்கு இணையத்தில் வழக்கமான, அதைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் வகைத் திரையே (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது) தாராளம். கட்டுரை தொடாத விஷயம் வெளிச்சம். பெட்டியிலிருந்து எடுத்த திரை பல நேரம் 250, 300 நிட்ஸில் (திரை வெளிச்சத்தின் அலகு) எரியும். அதை நம்பித் திருத்தினால் படத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிடுவோம், அச்சிட்ட ஆல்பம் இருட்டாகத்தான் வரும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோயில் கல்யாணங்களை எடுக்கும் நான் 100 நிட்ஸுக்கு இறக்கி, வெண்மையை 6500 கெல்வினில் (பகல் வெளிச்சத்தின் வெள்ளை) வைத்து, அவ்வப்போது திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவியால் சரிபார்க்கிறேன். அரக்குப் பட்டு அச்சிலும் அரக்காகவே வருகிறது. சிம் லிம் மின்னணுக் கடை வளாகத்தில் எந்தத் திரையை வாங்கலாம் என்று மேலே கருத்தில் கேட்டவருக்கு: திரைக்கான செலவில் கொஞ்சம் மிச்சம்பிடித்து அந்தக் கருவியை வாங்குங்கள். அப்புறம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஜன்னல் வெயில் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள், அதற்குக் காசே வேண்டாம்.