படிக்கிறோம், அவ்வளவுதான்

நேற்று முன்தினத்திலிருந்து இன்பாக்ஸில் வந்து "உண்மையா?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். ஆமாம், ஹெர்மிஸ் என்பவர் பெயரில் வழங்கும் பழைய நூல்களையும், ரசவாதம், டாரட் (குறி சொல்லப் பயன்படுத்தும் பட அட்டைகள்) போன்றவற்றின் வரலாற்றையும் படிக்கும் அந்த ஆன்லைன் குழுவைத் தொடங்கியது நான்தான். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம்தான். அங்கே யாரும் யாருக்கும் சூனியம் வைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. புத்தகம் படிக்கிறோம்.

எங்கள் அழைப்பையும் கூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டு, இது சாத்தான் வழிபாடு என்று தோழர் ஒருவர் எழுதிய பதிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே எடுத்துப் போட எனக்கு மனமில்லை. படித்தவர்களே சாத்தானைக் கும்பிடக் கிளம்பிவிட்டார்கள் என்கிற அந்த ஒரு வரியும், அதற்குக் கீழே விழுந்த சிரிப்புகளும் போதும். இருபது வருடமாக என்னைத் தெரிந்தவர். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஒரு ஃபோன் போட்டு "என்னம்மா இது?" என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

முதலில் அந்தப் படம். அழைப்பில் நான் போட்டிருந்தேனே, கூம்புத் தொப்பியும் நீளத் தாடியுமாக ஒருவர், அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு "சாத்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் சியென்னா நகரத்துப் பேராலயத்தில், நுழைந்ததும் தரையில் பளிங்கில் பதித்திருக்கும் உருவம் அது. மாதாவுக்கு எழுப்பிய கத்தோலிக்கக் கோயில். பதித்த வருடம் 1488. அவர் பெயர் ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ். காலடியில் லத்தீனில் 'மோசேயின் (பைபிளில் வரும் மோசஸ்) சமகாலத்தவர்' என்று பொறித்திருக்கிறது. எகிப்தில் மோசே காலத்தில் வாழ்ந்த பெரிய ஞானி என்று அன்றைக்கு நம்பினார்கள். கோயில் தரையில் இடம் கொடுக்கும் அளவுக்கு நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை தவறு. அதைச் சொல்வதும் எங்கள் கூட்டத்தில்தான். ஐசக் கசோபோன் என்ற கிரேக்க மொழி அறிஞர், ஹெர்மிஸ் பெயரில் இருந்த நூல்களின் மொழிநடையை எடுத்து ஆராய்ந்து, இவை மோசே காலத்தவை இல்லை, கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டுகளில் எழுதியவை என்று 1614-இல் காட்டினார். (அதே 1614-இல்தான் ஜெர்மனியில் காசெல் நகரத்தில் ரோசிக்ரூசியன் என்ற ரகசிய ஞான சபை ஒன்று இருப்பதாகச் சொன்ன அறிக்கையின் முதல் பகுதி அச்சானது. ஒரு பக்கம் ஒரு பழைய கதை உடைகிறது, இன்னொரு பக்கம் ஒரு புதிய கதை கிளம்புகிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.) ஒரு தவறான தேதியை நம்பி நூற்றைம்பது வருடம் ஐரோப்பாவின் பெரிய மூளைகள் யோசித்திருக்கின்றன, எழுதியிருக்கின்றன, படம் வரைந்திருக்கின்றன. தேதி தவறு என்பதால் அவர்கள் யோசித்தது எல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிடுமா? ஆகிவிடாது என்பதுதான் என் எண்ணம். இதைப் பேசத்தான் கூடுகிறோம். படிப்பது வேறு, நம்புவது வேறு. கசோபோனும் படித்துத்தான் உடைத்தார்.

எனக்கு இந்த ஆர்வம் எப்படி வந்தது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1999-இல் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. நாற்பது ரூபாய். ஜியோர்டானோ புரூனோவைப் பற்றி ஃபிரான்சிஸ் யேட்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1964-இல் எழுதியது. புரூனோ என்றால் விஞ்ஞானத்துக்காக ரோமில் எரிக்கப்பட்டவர் என்று மட்டும் பள்ளியில் கேட்டிருந்தேன். இந்த அம்மா வேறு ஒரு புரூனோவைக் காட்டினார், ஹெர்மிஸைப் படித்து அதிலேயே மூழ்கிக் கிடந்த புரூனோவை. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். யேட்ஸ் சொன்னதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறைய மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்புகளையும் குழுவில் படிக்கிறோம். யேட்ஸையே நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை.

அந்தப் புத்தகத்தில் ஓர் இடம். ஃபிளாரன்சின் பெரிய மனிதர் கோசிமோ தெ மெதிச்சி, பிளாட்டோ முழுவதையும் லத்தீனில் மொழிபெயர்க்கச் சொல்லி மார்சிலியோ ஃபிசினோ என்ற அறிஞரிடம் கொடுத்திருக்கிறார். நடுவில் மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி ஹெர்மிஸின் கிரேக்கச் சுவடியைக் கொண்டுவருகிறார். கோசிமோவுக்கு வயதாகிவிட்டது. பிளாட்டோவை ஓரமாக வை, முதலில் இதை முடி என்கிறார். சாவதற்கு முன்னால் படித்துவிட வேண்டும்.

2001-இல் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். தபால் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ராத்திரி துணைக்கு நான் இருப்பேன். "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் படிச்சு முடிச்சாரா?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஃபிசினோ 1463-இல் முடித்துக் கொடுத்துவிட்டார், கோசிமோ இறந்தது 1464 ஆகஸ்டில். "முடிச்சிட்டாருப்பா" என்றேன். அப்பா "நல்லது" என்றார். பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஆபீசில் பேச முடியாது. இலக்கிய நண்பர்களிடம் எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு விஷயத்தைத் தனியாகப் படித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஜனவரியில் ஆன்லைனில் ஒரு வாசிப்புக் குழு என்று அறிவித்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணி, கூகுள் மீட். கட்டணம் கிடையாது. ஜோசியம், தீட்சை, பயிற்சி எதுவும் கிடையாது. யார் எதை நம்புகிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் விதிகள், அழைப்பிலேயே எழுதியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவருக்கு அந்தப் பகுதி மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது.

முதல் ஆறு வாரம் ஹெர்மிஸ் நூல்களின் முதல் பகுதி மட்டும், பிரையன் கோப்பன்ஹேவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில். எல்லாம் ஒளியாக ஆகிறது, பிறகு கீழ்நோக்கி இருள் பாம்பு மாதிரி சுருண்டு இறங்குகிறது என்று ஒரு காட்சி வரும். ஒரு மாலை முழுக்க அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றே பேசினோம். இதுதான் அந்தச் சாத்தான் வழிபாடு.

"பெரியார் பிறந்த மண்ணில் மூடநம்பிக்கை பரப்புகிறீர்கள்" என்று எழுதியவர்களுக்கு. நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதி வைத்த தாள்கள் ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள் இருக்கும் என்கிறார்கள். மரகதப் பலகை என்று ஹெர்மிஸ் பெயரில் வழங்கும் சின்ன நூலைத் தன் கையால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். 1872-இல் நியூட்டனின் தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. கணிதமும் அறிவியலும் போதும் என்று வைத்துக்கொண்டு ரசவாதத் தாள்களைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1936-இல் லண்டனில் சோத்பி ஏலத்துக்கு வந்தபோது பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் தேடித் தேடி வாங்கினார். அதனால்தான் இன்றைக்கு கிங்ஸ் கல்லூரியில் அவற்றைப் பார்க்க முடிகிறது. கெய்ன்ஸ் மாந்திரீகரா? நியூட்டன் உலை வைத்தார் என்று தெரிந்துகொண்டால் புவியீர்ப்பு விழுந்துவிடுமா? சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அறுபது வருடம் ஒதுக்கி வைத்ததுதான் எனக்குப் பகுத்தறிவுக்கு விரோதமாகத் தெரிகிறது. மனிதர்கள் என்ன நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எந்த நம்பிக்கையை எதிர்ப்பது? பெரியார் புராணங்களை வரி வரியாகப் படித்தவர். படித்ததால் அவர் பக்தராகிவிட்டாரா?

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஹெர்மிஸ் தத்துவத்தின் வரலாற்றுக்கென்றே பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார்கள். வூட்டர் ஹானெகிராஃப் அங்கே கற்பிக்கிறார். 'நிராகரிக்கப்பட்ட அறிவு' என்று அவர் ஒரு சொல் பயன்படுத்துகிறார். பல்கலைக்கழகங்கள் எதை வெளியே தள்ளித் தங்களைக் கட்டிக்கொண்டன என்பதுதான் அவர் கேள்வி. அதே ஊரில் ரிட்மன் நூலகத்தின் பழைய அச்சு நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நான் பகிர்ந்த "ரகசிய நூல்கள்" இவைதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அடுத்து, நம் சித்தர்கள் சொல்லாததையா வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான் என்கிறவர்கள். சித்தர் பாடல்களை நானும் படிக்கிறேன், சின்ன வயதிலிருந்தே. மரகதப் பலகையில் "மேலே உள்ளது கீழே உள்ளதைப் போல" என்று வரும்போது அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில் என்று எங்கள் குழுவிலும் நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்திருப்பதாலேயே அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அந்த நூலின் பழைய வடிவம் கிடைப்பது அரபு மொழியில். சியென்னாக்காரர்கள் ஆசைப்பட்டுப் பளிங்கில் பொறித்த தவறை நாமும் செய்ய வேண்டாம் என்றேன். ஒன்றைப் படித்தால் இன்னொன்றை அவமதித்ததாக ஏன் ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று ஒருவர். 1875-இல் நியூயார்க்கில் மறைஞானம் தேடித் தொடங்கிய பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) 1882-இல் எங்கே வந்து உட்கார்ந்தது? அடையாற்றில். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் காட்டிய அற்புதங்கள் போலி என்று காட்டி அவர் பெயரைக் கெடுத்த கடிதங்கள் 1884-இல் வெளிவந்ததும் சென்னையில் ஒரு கல்லூரிப் பத்திரிகையில்தான். லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் வந்து விசாரித்து, மோசடி என்று 1885-இல் அறிக்கை எழுதினார். அன்னி பெசன்ட் அந்த அடையாற்றுச் சபையிலிருந்துதான் 1917-இல் காங்கிரஸ் தலைவரானார். பாரதி அவரைக் கிண்டல் செய்து ஆங்கிலத்தில் ஒரு கதையே எழுதினார். ஆகஸ்டில் இதைத்தான் படிக்கப் போகிறோம், பிளாவட்ஸ்கியையும் ஹாட்ஜ்சன் அறிக்கையையும் சேர்த்து. பாரதி படிக்காமலா கிண்டல் செய்திருப்பார்?

இப்படிக் குழு ஆரம்பித்து ஆள் பிடித்து டாரட் பார்க்கிறேன், நியூமராலஜி பார்க்கிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயம்தானே என்று ஒரு தங்கை கேட்டாள். நியாயம்தான். நாங்கள் வாங்கவில்லை.

டாரட் என்றதும் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். சின்ன ஊர். வீட்டில் ஒரே ஒரு லேப்டாப், அண்ணன் வேலை முடித்துக் கொடுத்த பிறகு சேருவாள். டாரட் அட்டைகள் எகிப்திலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம், எகிப்துக் கதையைக் கட்டியது 1781-இல் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் என்று அவளே தேடிப் படித்து எங்களுக்குச் சொன்னாள். "அக்கா, ரெண்டு நாளா ஏமாந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் நல்லா இருந்துச்சு" என்றாள். மூடநம்பிக்கை எங்கே போய் உடைகிறது என்று கேட்டவர்கள் இதைப் படியுங்கள்.

பிறகு 1909-இல் வந்த டாரட் அட்டைகளை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த அந்த எழுபத்தெட்டுப் படங்களும் அவர் கையால் வரைந்தவை. ஆனால் அட்டைகளுக்கு நிலைத்தது பதிப்பாளர் ரைடர் பெயரும், வரையச் சொன்ன வெயிட் பெயரும்தான். இதைப் பற்றி இந்தச் சனிக்கிழமை பேசப் போவதாக இருந்தாள். மூன்று வாரமாகக் குறிப்பு எடுத்தாள். எட்டுப் பக்கம், தமிழில், கையெழுத்தில், ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.

நேற்று இரவு குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். அவள் அப்பாவின் ஃபோனுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப்பில் போயிருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். "அக்கா, இனிமே மெசேஜ் பண்ணாதீங்க, ஃபோன் அப்பாகிட்ட இருக்கு" என்று ஒரே ஒரு வரி வந்தது. நான் பதில் போடவில்லை.

தோழர், என்னைப் பற்றி எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நான் சம்பாதிக்கிறேன், எனக்கு வயதாகிவிட்டது, என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். இடமிருந்து மூன்றாவது கட்டம். கண்ணாடி போட்டு, நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே முழுப் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே.