ஸ்டான்டன வித்தது சரி, யெலிச்ச எதுக்கு?

மயாமி பேஸ்பால் டீம் மார்லின்ஸ், பெரிய ஆட்டக்காரங்கள வித்து சம்பளச் செலவ குறைச்சது புத்திசாலித்தனம்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க. 2017ல முதலீட்டாளர் ஷெர்மனும் முன்னாள் ஆட்டக்காரர் ஜீட்டரும் சேர்ந்து 120 கோடி டாலருக்கு டீம வாங்கினாங்க, வாங்கின சூட்டோட அந்த சீசன்ல 59 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்ச ஸ்டான்டன நியூயார்க் யாங்கீஸ் டீம் தலைல கட்டிட்டாங்க, 13 வருஷம் 32.5 கோடி டாலர் கான்ட்ராக்ட், அது பாரம்தான் ஒத்துக்கறேன். ஆனா யெலிச்? சம்பளமும் கம்மி, கான்ட்ராக்ட்டும் பாக்கி இருந்துச்சு, மில்வாக்கி டீமுக்கு போன முதல் வருஷமே மனுஷன் எம்விபி, அதாவது லீக்கோட மதிப்புமிக்க ஆட்டக்காரர்! பதிலுக்கு வந்த பிரின்சன் பேட்டிங்ல தேறவே இல்ல. ஓசுனாவ குடுத்து, பந்து எறியற அல்கான்டராவ எடுத்தது ஒண்ணுதான் உருப்படி, 2022ல அவருக்கு சை யங் அவார்டு (சிறந்த பந்து எறியறவருக்கு குடுக்கறது). 2018 சீசன் முழுக்க மயாமில கூட்டம் பத்து லட்சத்தகூட தொடல, அதுவும் ஊர் மக்கள் வரிப்பணத்த கொட்டி கட்டின ஸ்டேடியத்துல...