குரோனோசாரஸ் 13 மீட்டர் நீள டைனோசரா?

"குரோனோசாரஸ், 13 மீட்டர் நீளக் கடல் டைனோசர்" என்று பரவும் செய்தியில் இரண்டு பிழைகள்.

அது டைனோசரே அல்ல. குட்டைக் கழுத்தும் நான்கு துடுப்புகளும் கொண்ட பிளையோசார் வகைக் கடல் ஊர்வன.

நீளக் கணக்கு ஹார்வர்டு அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1930களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கூட்டை 1959இல் அங்கே காட்சிக்கு வைத்தார்கள். சிதைந்திருந்த பகுதிகளைப் பிளாஸ்டரால் நிரப்பினார்கள். முதுகெலும்பில் தேவைக்கு அதிகமான முள்ளெலும்புகளும் சேர்ந்துவிட்டன. அப்படித்தான் 12.8 மீட்டர் வந்தது. இன்றைய மதிப்பீடு சுமார் 10 மீட்டர். அதுவே பிரமிக்க வைக்கும் அளவுதான்: மண்டை ஓடு மட்டும் 2 மீட்டருக்கு மேல்.